காந்தப் பொண்ணு

பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவனுக்குக் காந்தம்தான் கண். யார் என்ன சாமான் கொண்டு வந்தாலும், பேச்சுக்கு முன்னால் கயிற்றில் தொங்கும் காந்தத்தை அதன் மேல் விட்டுப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையா, செம்பா, ஈயமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலையில் பிஸ்மி சொல்லிக் கடையைத் திறந்து, அந்த முதல் 'டக்' சத்தம் கேட்கும்போது இன்றைக்கும் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்துவிடுகிறது. நானாக நினைப்பதில்லை. அதுவாக வருகிறது.

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் கிடையாது. என் வீட்டுக்காரிக்கு அவள் 'கண்ணு'. தெருவுக்கு எல்லாம் காந்தப் பொண்ணு.

முதலில் வந்தது ஒரு தூறல் நாளில். ஏற்காட்டில் தூறல் என்றால் குடையும் பிடிக்க முடியாது, நனையாமலும் இருக்க முடியாது. தோளில் ஒரு துணிப்பை, பை நிறைய இலை தழை. கடை வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். இரும்புக் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

"ஏனுங்க பாய், உங்ககிட்டப் பழைய கம்ப்யூட்டர் வருமுங்களா?"

"வரும். முதல்ல செருப்பைப் போடு கண்ணு. ஆணி கிடக்குது."

"அதுக்குள்ள ஹார்டு டிஸ்க்னு ஒரு பொட்டி இருக்குமுங்க. அதுல ரெண்டு காந்தம் இருக்கும். அது மட்டும் போதுங்க."

பள்ளிக்கூடத்திலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் மூலையில் கிடந்தன. அவளே உட்கார்ந்து திருகாணி கழற்றி எடுத்தாள். அது வரைக்கும் நான் கவனித்ததில்லை. பொட்டியோடு எடைக்குப் போட்டுவிடுவேன். பளபளவென்று, பிறை மாதிரி வளைந்த ஒரு சின்னக் காந்தம். கையிலிருந்து துள்ளிப் போய் என் எடைக்கல்லில் ஒட்டிக்கொண்டது. நான் இழுத்தேன், வரவில்லை.

"யம்மா! என்ன பலம்! இத வெச்சு என்ன பண்ணுவ?"

"கேன்சருக்கு மருந்துங்க."

"கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

அவள் பேச்சே அதுதான். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில். சாப்பிட்டியா என்றால் இன்னும் இல்லீங்க. கல்யாணம் ஆச்சா என்றால் இன்னும் இல்லீங்க. படிப்பு முடிஞ்சுதா என்றாலும் அதே. என் தங்கை பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "இந்தப் பொண்ணு பொறந்துருச்சான்னு கேட்டாக்கூட இன்னும் இல்லீங்கன்னுதான் சொல்லும்" என்று சிரிப்பாள். அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரிக்கும். ஆனால் பதிலை மாற்றாது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து ஓரங்களில் முளைக்கிற ஒரு செடியின் இலை அவளுக்கு வேண்டும். அதைக் காய்ச்சி எடுத்த சாறில்தான் அவளுடைய இரும்புத் தூள் உண்டாகுமாம். தூள் என்றால் நாம் நினைக்கிற தூள் இல்லை. கண்ணுக்கே தெரியாதது. சனி ஞாயிறு மலைக்கு வந்தால் தங்க இடமில்லை. எங்கள் மாடி அறை சும்மா கிடந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரி என்னைக் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அடுப்படியில் உட்கார்ந்து அவள் ஒருநாள் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் காட்டினாள். உள்ளே காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுப்புத் தண்ணீர். பிறைக் காந்தத்தை வெளிப்பக்கம் வைத்தாள். கறுப்புத் தண்ணீர் அப்படியே ஒரு பக்கமாக ஏறி, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நின்றது. என் வீட்டுக்காரி பயந்து முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உசுரு இருக்கா கண்ணு இதுக்கு?"

"இல்லீங்க்கா. வெறும் இரும்பு. இது மேல மருந்தை ஏத்தி ரத்தத்துல விடணும். இப்பக் குடுக்கற மருந்து உடம்பு பூராச் சுத்துதுங்க. நல்லதையும் கெட்டதையும் சேத்தே அடிக்குது. அதனாலதான் முடி கொட்டுது, வாந்தி வருது. இப்படிக் காந்தத்தைக் கட்டி இருக்கற எடத்துக்கு மேல வெச்சா, மருந்து அங்கியே போய் நிக்கும்."

"எங்க பாய் குப்பையில ஆணி பொறுக்கற மாதிரின்னு சொல்லு."

"அதேதானுங்க்கா!" என்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்த வருஷமே என் வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. குளிக்கும்போது கையில் பட்டதாம். கொஞ்ச காலம் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சேலத்துப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் பரவியிருக்கிறது, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். சிவப்பாக இருக்கும், ரோஸ் மில்க் மாதிரி. அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி. முடி கொத்துக் கொத்தாக வந்தது. இடுப்பு வரைக்கும் முடி இருந்தவள்.

அப்போது எங்கள் இரண்டு பேர் மனசும் மாடி அறையையே சுற்றியது. மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறதே! அல்லாஹ் ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பான் என்று நம்புகிறவன் நான். இந்தப் பெண் எதற்கு என் கடைக்கு வந்தாள்? எதற்கு என் வீட்டு மாடியில் தங்கினாள்? எல்லாம் இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை அவள் பையை இறக்கி வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"கண்ணு, அந்தப் புட்டியில இருக்கறத அக்காளுக்குப் போட்டுப் பாக்கலாமா? நாங்க எதுல வேணா கையெழுத்துப் போடறோம்."

அவள் நின்றபடியே இருந்தாள். என் வீட்டுக்காரி கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லீங்க பாய்" என்றாள்.

"எப்பதான்?"

"தெரியலீங்க. எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கோம். சிலதுல கட்டி சுருங்குச்சு. சிலதுல தூள் பூராவும் ஈரலுக்குப் போயிருச்சு. ஒரு எலி ஊசி போட்ட கையோட செத்துருச்சுங்க. ரத்தத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயி அடைச்சிருச்சோ என்னமோ. ஏன்னு எனக்கே தெரியல. அதை அக்காளுக்கு எப்படிங்க..."

"போயிட்டிருக்கற உசுருக்கு என்ன பயம்?" என்று நான் கத்திவிட்டேன். மனைவியை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடாத வார்த்தை. அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "எனக்குத் தெரியாததைக் குடுக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அதுதான் அவள். ஒரு பொய் சொன்னால் எதிரில் இருக்கிறவர் உயிர் குளிரும் என்றாலும் சொல்ல வராது. ஆனால் அடுத்த தடவை சேலம் போகும்போது, பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வந்தாள். வாந்திக்கு அவள்தான் பை பிடிப்பாள். நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் என் தங்கை எங்கேயோ போய் ஓதி ஊதிய தாயத்து ஒன்று வாங்கி வந்தாள். நான் வீட்டுக்குள் விடவில்லை. "என் ஊட்டுல தாயத்து கூடாது. கேக்கறதுன்னா அல்லாஹ்கிட்ட நேரா கேளு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். முக்காட்டுக்குக் குத்தும் ஊக்குகளை அவள் ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்திருப்பாள். குத்துவதற்காக ஊக்கை எடுத்து நெஞ்சருகே கொண்டு போனால், அது கையை விட்டுத் துள்ளி ரவிக்கையில் ஒட்டும். அவள் சட்டென்று திரும்பிக்கொள்வாள். மருந்தினால் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். காந்தத்தோடு பிழைக்கிறவனுக்கு அது புரியவில்லை பாருங்கள்.

புரிந்தது ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில். குழாய் மாதிரி இருக்குமே, படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்களே, அந்த ஸ்கேன். உள்ளே போகிறவர்களை அங்கே ஒரு நர்ஸ் கருவி வைத்துத் தடவிப் பார்ப்பார். என் வீட்டுக்காரியின் நெஞ்சருகே அது கூவியது.

"என்னம்மா கட்டியிருக்கீங்க? நகையா?"

ரவிக்கைக்குள் ஒரு துணி. துணிக்குள் பிறைக் காந்தம். கடையிலிருந்து எடுத்திருக்கிறாள். கட்டிக்கு நேர் மேலே வைத்துக் கட்டி, தோல் கன்றிப் போயிருந்ததாம். சிவப்பு மருந்து ஏற்றும் நாளிலெல்லாம் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள், அதைக் காந்தம் கட்டிக்கு இழுத்துக்கொள்ளும் என்று.

நர்ஸ் வெளியே வந்து எங்களைப் பிடித்துக்கொண்டார். "உள்ளே இருக்கற மெஷினே பெரிய காந்தமுங்க. இதோட போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" காந்தப் பொண்ணு எழுந்து போய் அதை வாங்கினாள். பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "தாயத்து வேண்டாம்னு சொன்னா இப்படியா?" என்றேன்.

"தாயத்தும் இதுவும் ஒண்ணா? இது இழுக்குறத நீங்களே நித்தம் பாக்கறீங்களே" என்றாள் என் வீட்டுக்காரி. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "நீ சொல்லு கண்ணு. கொஞ்சமாச்சும் இழுத்திருக்குமில்ல?" என்று கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மனசுக்குள், சொல்லிவிடு, ஆமாம் என்று சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்களுக்குப் போடற மருந்துல இரும்பு இல்லீங்க. காந்தம் அதை இழுக்காது. ஒரு சொட்டுக்கூட."

என் வீட்டுக்காரி முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஏற்காடு வரும் வரைக்கும் வாந்திகூட எடுக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அந்தப் பெண்ணைத் தனியாக நிறுத்தினேன்.

"ஒரே ஒரு வார்த்தை பொய் சொன்னா உனக்கென்ன கொறஞ்சா போயிரும்?"

"சொல்லத் தெரியலீங்க பாய்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்த வாரங்களில் அவள் வந்தாள், போனாள். மாடியிலிருந்து கரகரவென்று ஏதோ அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். இலை அரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்த உடைந்த கல்சட்டியைப் பார்த்தேன். அதில் இன்னும் ஒரு துண்டு உடைந்து குறைந்திருந்தது. பூனை தள்ளியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரி நோன்பு மாசம் பிறக்கும் முன்பே போய்விட்டாள். மருந்து மாற்றிக் கொடுத்ததில் விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், கடைசியில் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மதியம் லுஹர் பாங்கு முடிந்த நேரம், என் மடியில் தலை இருந்தது. கலிமாவை நான் சொல்ல, அவள் உதடு அசைந்தது. அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொள்ளட்டும்.

குளிப்பாட்டும் பெண்களோடு இருந்த என் தங்கை, நடுவில் வெளியே வந்து என் கையில் எதையோ திணித்தாள். சின்னத் துணிப்பை. ரோஸ் நிறத்தில், கழுத்தில் மாட்ட நாடா வைத்து, பொடித் தையல். உள்ளே பிறை வடிவில் கனமாக ஒன்று.

"அண்ணி நெஞ்சுல இருந்துச்சுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க. அந்தக் காந்தம்தான். அண்ணி திரும்பக் கேட்டாங்க. அது இருந்தா தூக்கம் வருதுன்னாங்க. அந்தப் பொண்ணு இதைத் தெச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு."

"என்ன சொல்லிக் குடுத்தா?"

"ஒண்ணுமே சொல்லலைங்க. ஸ்கேனுக்குப் போனாலும் இதைக் கழட்ட வேண்டாங்க்கான்னு மட்டும் சொல்லுச்சு."

மய்யித்து வீட்டில் கோபப்படக்கூடாது. இருந்தாலும் எனக்கு உள்ளே எரிந்தது. ஒரு பொய் சொல்லத் தெரியாது என்று என்னிடம் சொன்னவள், நான் வேண்டாம் என்றதை என் முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் அவள் வந்தாள். பெண்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது என் முன்னால் கொஞ்சம் நின்றாள். நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு தலை நிமிரவில்லை. மாடிச் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

பல நாள் கழித்துத் துணிப்பையைக் கொண்டு போய்க் கடையில் எடைக்கல் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் கடையைத் திறந்தபோது அது வைத்த இடத்திலேயே கிடந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. எடைக்கல்லோடு ஒட்டிக்கொண்டு இழுத்தால் வராத சாமான் ஆயிற்றே அது? கையிலெடுத்து எடைக்கல் மேல் வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. கயிற்றுக் காந்தத்தைக் கொண்டு வந்து தொட்டேன். 'டக்' என்ற சத்தம் வரவில்லை.

தையலைப் பிரித்தேன். உள்ளே கல். மாக்கல். எங்கள் உடைந்த கல்சட்டித் துண்டு. அதை மாடித் தரையில் தேய்த்துத் தேய்த்து, அந்தப் பிறை வளைவு கொஞ்சமும் பிசகாமல், ஓரம் தோலில் குத்தாமல் மழுக்கி, அதே அளவில் செய்திருந்தாள். மாடியிலிருந்து கேட்ட கரகர சத்தம் இலை இல்லை.

அன்றைக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவள் போய் எத்தனையோ நாளாகிவிட்டது, எங்கே பிடிப்பது? அவளுடைய போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். கல்லூரியில் விசாரித்தேன், படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார், வெளிநாடு போய்விட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். சில சமயம் குப்பனூர் வழி பஸ்ஸில் தோளில் துணிப்பையோடு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவளாக இருப்பதில்லை.

மாடி அறையை இப்போது யாருக்கும் விடுவதில்லை. ஜன்னல் திட்டில் அவள் புட்டி வைத்த இடத்தில் ஒரு கறுப்புத் தடம். சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடுகிறது. ஒருநாள் காந்தத்தை அதன் அருகே கொண்டு போனேன். தடத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசி மெதுவாக எழுந்து நின்றது. அவள் உள்ளே இருந்துகொண்டு என்னைப் பார்ப்பது போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

போன மாசம் தங்கை மாப்பிள்ளையோடு அதே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர். வாய் சும்மா இருக்காமல், "ஏனுங்க சார், காந்தத்தை வெச்சு மருந்தைக் கட்டிக்கு இழுக்கறது வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "எங்கெங்கியோ ஆராய்ச்சி பண்றாங்க ஐயா. நாம குடுக்கற மாதிரி இன்னும் இல்லீங்க" என்றார். எனக்குப் பின்னால் யாரோ செருப்பைக் கழற்றுவது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

பொய்க்குக் கணக்கு உண்டு என்று படித்திருக்கிறேன். வாயால் சொல்லாமல் கையால் செய்த பொய்க்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது. அதை இறைவன் அறிவான். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் வீட்டுக்காரிக்காகக் கை ஏந்தும்போது, அந்தப் பெண்ணையும் சேர்த்துக் கேட்கிறேன்.

இதையெல்லாம்விட என்னைத் தூங்க விடாதது வேறொன்று. என் வீட்டுக்காரியின் ஊக்கு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. கடைசி வாரங்களில் விரல் மரத்துப் போய் அவளால் ஊக்குக் குத்த முடியாது. காந்தப் பொண்ணுதான் வந்து குத்திவிடுவாள். அந்த ரோஸ் துணிப்பை நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை என்று இப்போது தெரிகிறது. டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு ஊக்காக எடுத்து, நெஞ்சருகே கொண்டு போய்க் குத்துவாள். ஒரு ஊக்குகூடத் துள்ளவில்லை. இரும்புக் கடைக்காரன் பெண்டாட்டி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து, அந்தப் பெண்ணின் கன்னத்தை மரத்துப் போன விரலால் ஒரு தரம் தொடுவாள்.